பழைய வண்டிதானே என்று சொன்னால்?

"பழைய வண்டின்னா நாலு ரிப்பேர் வரத்தானே செய்யும் மேடம்?" பழைய கார் விற்கிறவர்களின் வாயில் இந்த வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது. கேட்கிற நாமும், 'வாஸ்தவம்தானே, புதுசு வாங்கக் கையில் காசில்லாமல்தானே பழசு வாங்கினோம்' என்று பேசாமல் திரும்பி வந்துவிடுகிறோம். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். "போனது போகட்டும், விடு" என்பார்கள்.

விட வேண்டாம், சகோதரிகளே! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' என்றுதான் இருக்கிறதே தவிர, 'புதுப் பொருள்' என்று எங்கும் இல்லை. 1986-இல் வந்த சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக வந்து 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிற 2019-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் சரி. 'குறைபாடு' என்றால் என்ன என்று சட்டம் சொல்கிற விளக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் குறைவு. அல்லது விற்கிறவர் 'இப்படிப்பட்டது' என்று சொன்னாரே, அதில் குறைவு. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன சொல்லி விற்றார், வண்டி அப்படி இருக்கிறதா? வண்டிக்கு வயது எத்தனை ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதற்காக எல்லாவற்றுக்கும் சண்டைக்குப் போக முடியாது. எட்டு வருஷத்து வண்டியில் டயர் தேயும், பேட்டரி தீரும், கிளட்ச் பிளேட் போகும். அதெல்லாம் கார் வாங்குகிறபோதே தனியாக எடுத்து வைக்க வேண்டிய செலவு என்பது என் அபிப்பிராயம். ஒரே கோளாறு, சரி பண்ணச் சரி பண்ணத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது வேறு விஷயம்.

என் அண்ணன் மகள் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட டீச்சர். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆட்டோவில் ஏற்றி இறக்கி அவளுக்கு மாளவில்லை. 2023-இல் வளையல்களை அடகு வைத்து, கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 3,60,000 ரூபாய்க்குச் சின்னக் கார் ஒன்று வாங்கினாள். ஒரே சொந்தக்காரர் ஓட்டினது, 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஆறு மாசம் நாங்கள் பொறுப்பு என்றெல்லாம் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரமே எஞ்சின் சூடேறிவிட்டது. வியாபாரி கைகாட்டின ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றினார்கள். பத்தே நாள், மறுபடியும் அதே சூடு. இந்தத் தடவை ஹெட் காஸ்கெட் என்றார்கள். அதற்கடுத்து தெர்மோஸ்டாட். நாலாவது தடவை, டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில் வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயிலில், ஊசி ஏற்றின கையைப் பிடித்துக்கொண்டு அந்த வயதான அம்மாள் முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் காரே வேண்டாம் அத்தை. வளையல் திரும்பி வந்தாப் போதும்" என்று போனில் அழுதாள்.

"ரசீதெல்லாம் வச்சிருக்கியாடி?" என்றேன்.

"எல்லாம் இருக்கு அத்தை. ரிப்பேர் பண்ணினப்போ கொடுத்த காகிதம்கூட பீரோவிலதான் இருக்கு."

பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அப்போதே சொன்னேன். வியாபாரியின் முத்திரையோடு பணம் கட்டின ரசீது, அதன் ஓரத்தில் 'எஞ்சின், கியர் பாக்ஸ் 6 மாதம்' என்று கையால் எழுதினது, ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த ஜாப் கார்டு. இந்த ஜாப் கார்டை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். வண்டி என்றைக்கு வந்தது, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், நாம் சொன்ன புகார் என்ன, அவர்கள் மாற்றினது என்ன எல்லாம் அதில் வந்துவிடும். 'சும்மா பார்த்துக் கொடுத்துடறேம்மா, சீட்டெல்லாம் எதுக்கு' என்பார்கள். சீட்டு இல்லாமல் வண்டியை விடாதீர்கள். மாற்றின பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிப் போடுங்கள். இடத்தை அடைக்கும்தான், இருக்கட்டும்.

அவள் இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தாள். வியாபாரி இன்டர்நெட்டில் போட்டிருந்த விளம்பரத்தை, வாங்குவதற்கு முன்பே போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். விற்றுப்போனதும் அந்த விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு தேடினால் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பின செய்திகளும் அழியாமல் இருந்தன.

கிலோமீட்டர் விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கார் தயாரித்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களில், வண்டி எண்ணை வைத்தே பழைய சர்வீஸ் விவரங்களைப் பார்க்க முடியும். ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு போய்க் கேள் என்றேன். கேட்டாள். அவள் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வண்டி 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது! மீட்டரைத் திருப்பி வைத்து விற்றிருக்கிறார்கள்.

முதலில் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். வழக்குக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அனுப்புவது நல்லது. பதிலில் எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்துவிடும். இங்கேயும் தெரிந்தது. 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்று பதில் வந்தது. பயந்துவிட்டாள். அந்த வரி, கண்ணுக்குத் தெரிகிற கீறலுக்கும் நெளிசலுக்கும் பதில் சொல்லுமே தவிர, மீட்டரைத் திருப்பி வைப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. மேலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையே 'நியாயமற்ற வியாபார முறை' என்கிறது 2019 சட்டம். ரசீதில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

வாங்கினது கோயம்புத்தூரில், வழக்குக்காக அங்கேயா அலைவது? வேண்டாம். பழைய சட்டத்தில் எதிராளி இருக்கிற ஊருக்கோ விவகாரம் நடந்த ஊருக்கோதான் போக வேண்டும். இப்போது நாம் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். விவகாரம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்; 'இதோ சரி பண்ணித் தர்றோம்' என்று இழுத்தடிப்பவர்களை நம்பி இதைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. 2025 ஜனவரி முதல் 'இ-ஜாக்ருதி' என்ற அரசாங்கத் தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே மனுவை அனுப்பவும் வசதி இருக்கிறது. இவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால், முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலேயே பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, சமாதானத்துக்கு முயற்சி செய்வார்கள்.

எதிராளி 30 நாளில் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாள் அவகாசம் தரலாம், அதற்கு மேல் கிடையாது. வழக்கை மூன்று மாசத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாசத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏட்டில்தான்! இவளுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. எஞ்சின் கோளாறைப் பற்றி 'எங்க தெரு மெக்கானிக் சொன்னார்' என்பது அங்கே எடுபடாது. விவரம் தெரிந்த ஆட்டோமொபைல் எஞ்சினீயரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கித் தாக்கல் செய்தாள். அறிக்கையும் சர்வீஸ் விவரமும் சேர்ந்து வந்ததும் வியாபாரியின் குரல் இறங்கிவிட்டது. சமரசத்துக்கு அனுப்பினார்கள். காரை எடுத்துக்கொண்டு 3,25,000 ரூபாய் தருகிறேன் என்றார். ரிப்பேர் செலவும் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் சேர்த்துக் கேட்டிருந்தாள்; அது நடக்கவில்லை. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருப்பேன். ஆனால் அடகு வட்டி ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத்தானே, எனக்கில்லையே. ஒத்துக்கொண்டாள்.

பணம் கைக்கு வந்த அன்றைக்கே வண்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி, போக்குவரத்து அலுவலகத்துக்கும் தெரிவிக்கச் சொன்னேன். ஆர்.சி.யில் பெயர் மாறாமல் இருக்கும்போது அந்த வண்டி யாரையாவது இடித்தால், நஷ்ட ஈடு பெயரில் இருப்பவர் தலையில்தான் விடியும். சுப்ரீம் கோர்ட் 2018-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இத்தனையும் வியாபாரியிடம் வாங்கினால்தான். பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் என்று தன் சொந்தக் காரை விற்கிறவர் வியாபாரி ஆகமாட்டார். அவர் மறைத்து ஏமாற்றினால், ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். நடுவில் கமிஷன் வாங்கின புரோக்கர் இருந்தால், அவருடைய சேவையைப் பற்றிப் புகார் கொடுக்க இடமுண்டு.

பழைய கார் வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். முகம் கோணினால் நீங்களும் நடையைக் கட்டுங்கள். சென்னைப் பக்கத்து வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, தண்டவாளம் போலிருக்கிற இரும்பில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காருக்குள் சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், உங்களுக்கு எப்படியோ.

கரூரிலிருந்து ஒரு வாசகி, தானே டாக்ஸி ஓட்டிப் பிழைக்கப் பழைய கார் வாங்கியிருப்பதாகவும், 'தொழிலுக்கு வாங்கினது செல்லாது' என்று கடைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். சுயதொழிலாக, தன் ஜீவனத்துக்காக வாங்கினவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நாலு கார் வாங்கி, டிரைவர்களை வைத்து ஓட்டி லாபம் பார்க்கிறவருக்குத்தான் அந்தத் தடை. அவர் தைரியமாகப் புகார் கொடுக்கலாம். இன்ஷூரன்ஸ் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அதை 14 நாளுக்குள் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கே போய் மனுக் கொடுங்கள், அம்மா. இல்லாவிட்டால் விபத்தில் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுத்துவிடும்.