கந்தல் என்று சொல்லிக் கைவிட்டோம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வெட்டு மேசைக்குக் கீழே விழும் துணி வீணாவதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் குற்றத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். வெட்டும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு துணி கழிவாகப் போகிறது. அதை நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள், எடை போட்டு விற்கிறார்கள். ஒரு பகுதி ஒர்க்‌ஷாப்புகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகிறது. இன்னொரு பகுதியை மெஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடியும் நூலாக நூற்கிறார்கள். துண்டுத் துணிக்கு விலை உண்டு, தரகர் உண்டு, கடன் சொல்லி வாங்கும் வியாபாரியும் உண்டு.

துணியை நாம் கைவிடவில்லை. அந்தத் துண்டுகளைத் தரையில் பரப்பி, எதற்குப் பக்கத்தில் எது என்று தீர்மானித்து, ஒரு சின்னப் போர்வையாகத் தைத்து எடுக்கத் தெரிந்தவர்களைக் கைவிட்டோம்.

நம் வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் பிள்ளைப்பேற்றை ஒட்டித்தான் நடந்தது. பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடும் வழக்கம் பல குடும்பங்களில் கிடையாது. குறித்த நாள் வரும்வரை பழந்துணிதான். அதில் சாத்திரத்தைவிட அனுபவம் அதிகம். பலமுறை துவைத்துக் கஞ்சியும் முரட்டுத்தனமும் போன நூல்சேலை பச்சைத் தோலை உறுத்தாது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். அப்படிப்பட்ட சேலையை இரண்டாக மடித்து, உள்ளே கிழிந்த வேட்டியைப் பரப்பி, மேலே ஜாக்கெட் பிட்டில் மிஞ்சியது, பாவாடையில் கிழித்தது, தெருக்கோடித் தையல்காரரிடம் கேட்டு வாங்கியது என்று துண்டுகளைச் சேர்த்துத் தைப்பார்கள். இரண்டரை அடிக்கு மூன்றடி இருந்தால் போதும். குழந்தையைக் கிடத்தலாம், போர்த்தலாம், தூளிக்குள் அடியில் விரிக்கலாம்.

இதில் என்ன வித்தை இருக்கிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். ஜாக்கெட் வெட்டும்போது கைக்குழியிலும் கழுத்திலும் விழும் துண்டு வளைந்திருக்கும். அதன் ஓரம் கிராஸாகப் போவதால் இழுத்தால் நீளும். நேர்த்துண்டோடு அதை அப்படியே சேர்த்தால் தையல் கோணிக்கொள்ளும். பனியன் துணி இன்னும் மோசம். அடியில் நெய்த துணி ஒன்றை வைத்துப் பிடிக்காவிட்டால் நடுவில் சுருக்கம் விழும். நனைக்காத புதுத்துண்டைச் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொள்ளும். சாயம் போகும் சிவப்பை வெள்ளை வேட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது. இவற்றை எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. துவைத்த பிறகு போர்வை காட்டிய கோளாறுகளிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், அவர்களிடம் மாதிரிப் படம் இல்லை என்பது. அளவுநாடாகூடப் பல சமயம் இல்லை. கையில் இருப்பதிலேயே நீளமான துண்டு போர்வையின் அகலத்தைத் தீர்மானித்துவிடும். இரண்டு துண்டைச் சேர்த்து ஓரத்தை நேராக்குவார்கள். மூன்றாவது அந்த நேர்கோட்டில் ஒட்டும். அது எட்டவில்லை என்றால், எட்டாத இடத்துக்கு வேறு நிறத்தில் ஒரு சிறு துண்டைக் கொடுத்து எட்டவைப்பார்கள். நீலத்தின் முடிவில் திடீரென்று ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வருவது அப்படித்தான். பற்றாக்குறைக்கு அவர்கள் சொன்ன பதில்தான் நம் கண்ணுக்கு வடிவமாகத் தெரிகிறது. ஆனால் எந்த மஞ்சள், எவ்வளவு மஞ்சள் என்பதை ஏழ்மை தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு மனுஷி தேர்ந்தெடுத்தாள். அந்தத் தேர்வை நாம் பார்க்கத் தவறினோம்.

எப்படித் தவறினோம்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியிலிருந்து சுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கந்தையைக் கூச்சத்தோடு வைத்துக்கொண்டோம். விருந்தாளி வந்தால் கடையில் வாங்கிய ஜமுக்காளம் விரிக்கப்பட்டது. ஒட்டுத்துணிப் போர்வை கட்டிலுக்கு அடியில் போனது. குழந்தையைப் படம் எடுக்கும்போது அதை உருவிவிட்டு டர்க்கி டவலைப் போர்த்தினோம். நம் வீட்டுப் பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவை கற்பூர வாசனையோடு பத்திரமாக இருக்கிறது. நம்மைப் போர்த்தி வளர்த்த துணியோ கரித்துணியாகி, மிதியடியாகி, தடமில்லாமல் போய்விட்டது. தேய்வது துணியின் விதி. ஆனால் ஒன்றையாவது தேய விடாமல் எடுத்துவைத்திருக்கலாம்.

கலை என்றால் நமக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் நிறநிறத் துணியை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துத் தேருக்குத் தொம்பை கட்டுகிறார்கள். அதைத் தலை நிமிர்ந்து பார்த்து வியக்கிறோம். சாமிக்குத் தைத்தால் கைத்திறன், பேரப்பிள்ளைக்குத் தைத்தால் கந்தல் என்று நாமாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் கூலி வாங்கும் கைவினைஞர். இந்தப் பக்கம் கூலி இல்லாத பெண். கோடு எதை வைத்துப் போடப்பட்டது என்பது இதிலேயே தெரிகிறது.

பிறகு சேலையும் மாறியது. சுங்குடியும் கண்டாங்கியும் தேயத் தேய மெத்தென்று ஆகும். நைலக்ஸும் பாலியெஸ்டரும் தேய்வதே இல்லை, வழுக்கும், வியர்வையை வாங்காது. அதை மடித்துத் தைத்துக் குழந்தையைக் கிடத்த முடியாது. நூல்சேலையிலிருந்து நாம் வெளியேறியபோதே இந்தப் போர்வைக்கான மூலப்பொருளும் வீட்டை விட்டு வெளியேறியது. மிச்சமிருந்ததை வாசலில் வந்த பாத்திரக்காரரிடம் போட்டோம். நாலு சேலைக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. ஜரிகை இருந்தால் கொஞ்சம் பெரிய தூக்கு. பேரம் நமக்கு லாபமாகவே தோன்றியது.

பழந்துணி வீட்டைத் தாண்டியதும் நம் பொறுப்பு முடிந்தது என்ற மனநிலைக்கு 2004 டிசம்பரில் நாடே சாட்சியானது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி அனுப்பினோம். கடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் தன்மானம் மிச்சமிருந்த மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவிந்து மழையில் நனைந்து மட்கியது. பிறகு டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு வந்து, அந்தத் துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையைக் கையில் எடுத்தது. அதே காலத்தில் ஆரோவில்லின் உபாசனா நிறுவனத்தில் மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் சுனாமிகா என்ற விரல் நீளப் பொம்மையைத் தைத்தார்கள். நாம் அனுப்பியதும் துணி, அவர்கள் கையில் இருந்ததும் துணி. உட்கார்ந்து யோசித்துத் தைத்தவர்களின் துணிதான் ஊர் ஊராகப் போய் மதிக்கப்பட்டது.

அரசும் இயக்கங்களும் சேர்ந்து செய்த பிழை ஒன்று உண்டு. அதில் எல்லோருக்கும் பங்கிருக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை தைக்கின்றன. இவை நல்ல காரியங்கள். பல அடுப்புகள் இவற்றால் எரிகின்றன. ஆனால் தையல் பயிற்சி என்றால் கொடுத்த அளவுக்கு, கொடுத்த மாதிரிக்கு, பிசகாமல் தைப்பது மட்டும்தான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அளவில்லாமல் தொடங்கி ஒரு முழுமைக்கு வந்து சேரும் பயிற்சி தன் பாட்டியிடம் இருந்தது என்பதை அந்த மெஷினுக்கு முன் உட்கார்ந்த பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வங்காளத்தில் குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கிராமம் கிராமமாகச் சுற்றிக் காந்தாக்களைச் சேகரித்தார். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்த போர்வைகள் அவை. கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்துக்கு அவை வந்து சேர்ந்தன. மேற்கு வங்க நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் காட்டை ஒட்டி வாழ்கிறார்கள். அவர்களின் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை ஓரத்திலிருந்து தொடங்கும். பழைய சேலையை அடியில் விரித்து, துண்டுகளின் விளிம்பை உள்ளே மடித்தபடி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூக்கள். அந்தப் பூ இல்லாத கவந்தி ஆடையில்லாமல் நிற்பதாக அவர்கள் கருதுகிறார்கள். தொட்டில் பிள்ளைக்குச் சின்னக் கவந்தியும் உண்டு. சென்னையிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் எட்டக்கூடிய இந்த மக்களை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், நைந்த வேலைச் சட்டைகளையும் ஜீன்ஸ்களையும் கிழித்து, குளிர் தாங்காத வீடுகளுக்காகப் போர்வை தைத்தார்கள். 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனம் அவர்களிடம் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கக் கொடுத்தது. உறைகள் கடைக்குப் போயின. மிஞ்சிய கார்டுராய் அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய் அபாரமான போர்வைகளானது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அவை தபால்தலையிலும் வந்தன. கம்பெனிக் கழிவு என்றால் திருப்பூருக்குத் தெரியாதது எதுவும் இந்தக் கதையில் இல்லை. அங்கே ஒருவர் நின்று பார்த்தார், தைத்தவர் பெயரைக் கேட்டு எழுதினார். நாம் அதைச் செய்யவில்லை.

இதற்கு நமக்குள்ளேயே ஒரு மறுப்பு எழும். வறுமையால் தைத்ததைப் போற்றச் சொல்கிறீர்களா? கண் மங்கும்வரை ஊசியைப் பிடித்த பெண்கள், தம் மகள்கள் கடையில் போர்வை வாங்கியதைப் பார்த்து மகிழ்ந்திருக்க மாட்டார்களா? மகிழ்ந்திருப்பார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானது. அந்த வறுமை யாருக்கும் திரும்ப வர வேண்டாம். ஆனால் நாம் கூத்தையும் பறையையும் அவற்றின் வறுமையோடு சேர்த்துப் புதைத்துவிடவில்லை. தாமதமாகவாவது விழித்துக்கொண்டோம், எழுதினோம், பதிவு செய்தோம். மேடையேறும் கலைக்குக் கிடைத்த அந்தத் தாமதமான நீதிகூட, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் நடந்த இந்த வேலைக்குக் கிடைக்கவில்லை.

இப்போது விழித்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒட்டுத்துணி போன்ற கட்டம் அச்சிட்ட பாலியெஸ்டர் விரிப்பு ஜவுளிக்கடையில் கிடைக்கிறது, வாங்குகிறோம். கைவேலை வகுப்புக்குப் பணம் கட்டி, மீட்டர் கணக்கில் புதுத்துணி வாங்கி, அதைச் சதுரம் சதுரமாக வெட்டி மறுபடி ஒட்டுகிறோம். ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பற்றாக்குறையிலிருந்து வடிவம் பிறந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, வடிவத்தை மட்டும் விலைக்கு வாங்குகிறோம். அதைத் தைக்கத் தெரிந்த அத்தை அதே தெருவில்தான் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. சீருடை தைக்கும் சங்கங்களில் மிஞ்சும் துண்டுகளைப் பள்ளிக் கைவேலை வகுப்புக்குக் கொடுக்கலாம். தையல் பயிற்சியில் சில நாட்களை அளவும் மாதிரியும் இல்லாமல் விடலாம். தைத்தவர் பெயரைப் போர்வையின் மூலையில் நூலால் எழுதச் சொல்லலாம். இன்னும் தைப்பவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இந்தத் துண்டை இங்கே வைத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேரத்தை நிறுத்த வேண்டும். இரண்டரை அடி அகலப் போர்வையில் அரை அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓடுதையல் போட்டால் 60 வரிசை. மூன்றடி நீளத்துக்கு மொத்தம் 180 அடித் தையல். அங்குலத்துக்கு ஐந்து குத்து என்றால் பத்தாயிரத்துக்கும் மேலான தையல்; துண்டுகளைச் சேர்த்த வேலை இதில் சேராது. கண்காட்சிக் கடையில் அந்தப் போர்வையைப் புரட்டிப் பார்த்து, "வேஸ்ட் துணிதானே, இவ்வளவு விலையா?" என்று கேட்கிறோமே, நம் புறக்கணிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. துணிக்கு விலை கேட்க நமக்கு நன்றாகத் தெரியும். பத்தாயிரம் தையலுக்கும் அதை யோசித்த தலைக்கும் கூலி கொடுக்க இனிமேல்தான் பழக வேண்டும்.