ஜோக் சொன்னா சிரிப்பான்

"உங்க ஏரியாவுக்குன்னு ஒரு ராசி இருக்குடா. அங்க ஏதாவது ஒண்ணுன்னா டெல்லியில ஒரு மந்திரி ராஜினாமா பண்ணிடறாரு."

2010 நவம்பர் கடைசி. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கேன்டீன் மேசையில் எட்டுப் பேர் இருந்தோம். 2ஜி விவகாரத்தில் ஆ. ராசா பதவி விலகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் பெரம்பலூர்க்காரர், நான் இன்ஜினியரிங் படித்ததும் பெரம்பலூரில்தான். சொந்த ஊர் அரியலூர் பக்கம். 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று விலகினார். ஒரு காலத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்த நண்பன் இரண்டு ராஜினாமாவையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டான். மேசையே சிரித்தது.

நல்ல ஜோக். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அப்பாயி ஞாபகம் வந்தது. ஊரில் ஆம்பளைங்க எல்லாம் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினதை அவள் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். அதை வைத்து எங்கள் ஊரில் யாரும் ஜோக் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எனக்கு '2ஜி' என்றே பெயர். 1,76,000 கோடிக்கு எத்தனை சைபர் என்று தினமும் ஒருத்தன் கேட்பான். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீடு தனிக்கதை. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் கேன்டீனில் யாரும் எந்த ஜோக்கும் சொல்லவில்லை.

*

இந்தக் கட்டுரை ஒரு நம்பிக்கைக்கு எதிரானது. 'ஊருக்கு ஊர் ஹ்யூமர் வேற பாஸ், உங்களுக்கு எங்க ஜோக் புரியாது, எங்களுக்கு உங்களுது புரியாது' என்ற நம்பிக்கை. கோவைக்குக் குசும்பு, மதுரைக்கு நக்கல் என்று பட்டியல் போட்டு, அதைப் பண்பாட்டு ஆய்வு போலப் பேசுகிறோம். புலம்பெயர்ந்தவன் சிரிக்காவிட்டால் அவனுக்குப் பண்பாடு பிடிபடவில்லை என்று முடித்துவிடுகிறோம். நான் பார்த்தவரை ஜோக் புரியாமல் போவது ரொம்ப அபூர்வம். எல்லாருக்கும் எல்லாம் புரிகிறது. யாருக்குத் திருப்பிச் சொல்ல உரிமை இருக்கிறது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

எங்கள் பக்கம் கிண்டல் எப்படி ஓடும் என்று சொல்கிறேன். நான் கல்லூரிக்குத் தினமும் அரியலூர் - பெரம்பலூர் பஸ்ஸில் போனேன். அரியலூரில் ரயில் நிற்கும். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கல்மரம் ஒன்று கிடக்கிறது. அரியலூர்ப் பையன்கள் சொல்வோம்: "ரயிலுக்குக் காத்திருந்து காத்திருந்து உங்க ஊர்ல மரமே கல்லாப் போச்சுடா."

பெரம்பலூர்க்காரன் அசரமாட்டான். "எங்க ஊருக்கு வராத ரயில் வரவே இல்ல. உங்க ஊருக்கு வந்த கலெக்டரே திரும்பிப் போயிட்டாரே, அதைச் சொல்லு."

அவன் சொன்னது சத்தியமான உண்மை. நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002இல் அதைக் கலைத்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர் மாவட்டம். வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே நாலு தடவை மாவட்டம் மாறியவன் நான். இதைச் சொல்லிச் சிரிக்க அவனுக்கு உரிமை இருந்தது. அவன் மரத்தைக் கல்லாக்க எனக்கு உரிமை இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கணக்கு நேர்.

அதே பையன்கள்தான் சென்னைக்கு வந்தோம். அதே வாய்தான். வந்த முதல் நாளிலிருந்து கணக்கு நேராகவே இல்லை.

*

ஐந்து வருஷம் கழித்து நான் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். 2015 டிசம்பர், சென்னை வெள்ளம் வடிந்து ஆபீஸ் திறந்த வாரம். நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதே நண்பன், அதே மாதிரி மேசை. நான் சொன்னேன்: "எங்க ஊர்ல தண்ணி ஒரு பாலத்தை அடிச்சதுக்கு மந்திரி ராஜினாமா பண்ணாரு. உங்க ஊர்ல ஊரையே அடிச்சுட்டுப் போச்சு, ஸ்டிக்கர் ஒட்டறாங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நண்பன் தட்டைத் தள்ளி வைத்தான். "இதெல்லாம் ஜோக்கா? ஜனங்க செத்திருக்காங்கடா."

"அரியலூர்லயும் செத்தாங்க" என்றேன்.

"பர்சனலா எடுத்துக்காத. உனக்கு ஹ்யூமர் சென்ஸே இல்ல."

அவன் கெட்டவன் இல்லை. அந்த வெள்ளத்தில் அவன் வீட்டுத் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். அவன் கோபம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2010இல் நான் கோபப்பட்டிருந்தால் அதுவும் நியாயம்தானே? அன்றைக்கு நான் சிரித்தேன். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. ஹ்யூமர் சென்ஸ் இல்லாதவன் நான் ஆனது எப்படி? ஏதோ ஒரு ஊர்க்காரன் என்றில்லாமல், வந்தேறி எந்த மேசையில் உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் முடிகிறது.

*

ஆங்கிலேயர்களிடமும் இதையே பார்த்தேன். சில வருஷம் ஒரு டொராண்டோ கிளையண்டுக்கு வேலை செய்தேன். அங்கே எங்கள் டீமுக்குப் பொறுப்பானவர் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் குடியேறியவர். யாராவது ரிலீஸைச் சொதப்பினால் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் "பிரமாதம்" என்பார். கனடாக்காரர்கள் ஒரு நொடி தயங்கி, "நன்றி, ஆனால் மன்னிக்கணும், அதில் ஒரு பிழை இருக்கு" என்று விளக்க ஆரம்பிப்பார்கள். அவர் தலையில் கைவைத்துக்கொள்வார். நெருங்கியவனைத்தான் கலாய்ப்போம், மரியாதையாகப் பேசினால் கோபம் என்று அர்த்தம். இதுதான் அவர் வளர்ந்த ஊர்ப் பழக்கம். கனடாக்காரர்களுக்குப் பழக்கம் வேறு, மற்றவர் முகம் வாடாமல் பேசுவது முதல் மரியாதை. நியாயமான வித்தியாசம்தான். ஆனால் குடியேறியவரான அவரது குறை என்ன தெரியுமா? "என் ஜோக்குக்கு இவங்க சிரிக்கமாட்டேங்கறாங்க." எனக்கு அது சொகுசான குறையாகத் தெரிந்தது. பாஷை அவருடையது, பதவி அவருடையது, ஜோக்கும் அவருடையது. சிரிப்பு மட்டும் பாக்கி. எனக்குத் தெரிந்த வந்தேறிகளின் குறை இதற்கு நேர் எதிர்: எல்லா ஜோக்குக்கும் சிரித்தாக வேண்டும்.

ஒரு நாள் காலில் அவர் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "இவங்களைவிட நீங்க இந்தியர்கள் பரவாயில்லை. உங்களுக்கு என் ஜோக் புரியுது, சிரிக்கறீங்க."

என் டைம்ஷீட்டை அப்ரூவ் பண்ணுகிறவர் அவர். கனடாக்காரனுக்குச் சிரிக்காமல் இருக்கிற வசதி இருந்தது. எனக்கு இல்லை. அவ்வளவுதான் பண்பாட்டு வித்தியாசம்.

*

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களில் எள்ளல் ஒன்று. உரை எழுதிய பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது. முதலில் படித்தபோது இது இலக்கணக்காரரின் நுணுக்கம் என்று கடந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இரண்டுக்கும் வெளியே கேட்கும் சத்தம் ஒன்று. ஒரே ஆள் ஒரே பஸ்ஸில் இரண்டையும் சிரித்தால் அது ஊர். ஒருத்தருக்கு எப்போதும் முதல் வகையும் இன்னொருத்தருக்கு எப்போதும் இரண்டாவது வகையும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால், அது வேறு.

நம் ஆட்கள் இதற்கு உறவுமுறையே வைத்திருக்கிறார்கள். மாமன் மச்சான் முறையில் யாரும் யாரையும் கிண்டல் பண்ணலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் இந்த மாதிரி கேலி உறவுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நம் ஊரில் டீக்கடை நக்கல் நிற்பது இந்த முறையின் மேல்தான். முன்பின் தெரியாதவனை "மாப்ள" என்று கூப்பிட்டுவிட்டுக் கலாய்க்கிறோம். முறை வைத்துக் கூப்பிட்டால் அவனும் திருப்பிக் கொடுக்கலாம் என்று லைசென்ஸ் தருகிறோம்.

'இது கிராமம், நகரம் பிரச்சினை' என்று ஒருவர் சொல்லலாம். இல்லை. சென்னையிலேயே பிறந்தவனின் மெட்ராஸ் பாஷையை லூஸ் மோகன் காலத்திலிருந்து சினிமா சிரிப்புக்குத்தான் வைத்திருக்கிறது. அவன் எங்கிருந்தும் வரவில்லை. திருப்பிச் சொல்ல மட்டும் அவனுக்கு இடமில்லை. 'அப்படின்னா ஜோக்கே சொல்லக் கூடாதா' என்று இன்னொருவர் கேட்பார். சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடியை இன்றுவரை ஏன் பார்க்கிறோம்? அடி வாங்குகிற செந்தில்தான் அதில் ஜெயிக்கிறார். கீழே இருக்கிறவன் பதில் சொல்கிற ஜோக்குக்குத்தான் ஆயுசு.

*

இதுவரை படித்தவர்கள் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

சில வருஷம் முன் ஒரு பொங்கல் லீவு. அரியலூரில் மாமாவோடு ஒரு பரோட்டா கடை. வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. வட மாநிலத்திலிருந்து வந்த ஒரு பையன் இலை போட்டான். இருபது வயசிருக்கும். மாமா குரல் கொடுத்தார்: "ஏ பானிபூரி, ரெண்டு பரோட்டா எடுத்தா." கடை சிரித்தது. நானும் சிரித்தேன். பையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த தடவை மாமா கூப்பிட்டபோது அவன் நல்ல தமிழில் சொன்னான்: "மாமா, பானிபூரி ரோட்டுக்கு அந்தப் பக்கம். இங்க பரோட்டா மட்டும்தான்."

நல்ல பதில். சரியான நேரத்தில், சரியான முறை வைத்து. எங்கள் கல்லூரி பஸ்ஸில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போம். இங்கே யாரும் சிரிக்கவில்லை. மாமா கேட்டார்: "யாருடா உனக்கு மாமா?"

கல்லாவில் இருந்தவர் சத்தம் போட்டார்: "டேய், சாருன்னு கூப்பிடு."

நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஓ.எம்.ஆர் மேசையில் எனக்கு நடந்ததன் மறுபதிப்பு என் கண்முன்னால் ஓடியது, ஒரு வார்த்தை பேசவில்லை. "அவன் நல்லாத்தான் மாமா சொன்னான்" என்று நான் சிரித்திருந்தாலே போதும். மாமா என்னோடு சண்டைக்கு வந்திருக்கமாட்டார். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியும் வாய் வரவில்லை.

2023இல் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பொய் என்று அரசும் நாமும் சரியாகவே நிரூபித்தோம். பிறகு 'வடக்கன்' மீம்ஸுக்குத் திரும்பிவிட்டோம். சும்மா ஜோக்குதானே என்பீர்கள். சும்மா ஜோக்கு என்றால் அவன் ஒன்று திருப்பிச் சொல்லட்டும், நீங்கள் சிரியுங்கள். அவன் 'மாமா' என்று கூப்பிடட்டும். அதைப் பொறுக்க முடியவில்லை என்றால், நீங்கள் பகிர்கிற மீமுக்கு நகைச்சுவை என்று பெயர் வைக்காதீர்கள். ஹ்யூமர் சென்ஸ் இல்லை என்று யாரைச் சொல்வதென்றாலும் முதலில் நம்மைச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த தீபாவளிக்கு அதே கடைக்குப் போனோம். மாமா அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பையன் "சார்" என்றான், சிரித்தான், தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்தான்.

மாமா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நல்ல பய. ஜோக் சொன்னா சிரிப்பான்."