கம்ப்யூட்டரை ஜெயித்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கற்றுக் கொள்வது என்ன? வேர்டும் அல்ல, எக்ஸெலும் அல்ல. சீட்டு விளையாட்டு. நானும் அப்படித்தான். விண்டோஸ் எக்ஸ்பி இருந்த என் முதல் கம்ப்யூட்டரில் ஹார்ட்ஸ் என்று ஒரு விளையாட்டு இருந்தது. பாலின், மிஷேல், பென் என்று மூன்று பேர் எதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். இவர்கள் எந்த ஊர்க்காரர்கள், நள்ளிரவிலும் எப்படிச் சலிக்காமல் ஆட வருகிறார்கள் என்று சில நாட்கள் யோசித்தது உண்டு. மூவருமே புரோகிராமில் உள்ள சில வரிகள்தான் என்று பிறகுதான் புரிந்தது.

அந்த ஞாபகத்தைக் கிளறிவிட்டவன் என் அக்கா மகன். கல்லூரியில் படிக்கிறான். புது லேப்டாப்பில் போக்கர் சீட்டாட்டம் பழகும் இலவச புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்து, இரண்டு வாரம் ஆடியிருக்கிறான். ஒரு நாள் வந்து, "மாமா, கம்ப்யூட்டரையே ஜெயிச்சிட்டேன். இனிமே நிஜப் பணம் போட்டு ஆடினா செமஸ்டர் பீஸை நானே சம்பாதிச்சிடுவேன்" என்றான். அந்த செமஸ்டருக்காக அக்கா அனுப்பிய பணம் அப்போது அவன் கணக்கில்தான் இருந்தது. கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டான். எனவே அந்த லேப்டாப்பையே திறந்து வைத்து இருவரும் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் இதுபோல் பழகுவதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் அது எதைக் கற்றுத் தரும், எதைக் கற்றுத் தராது என்று தெரிந்து கொண்டு பழக வேண்டும் என்பது என் கட்சி.

ஆட்டம் என்ன?

போக்கரில் பல வகை உண்டு. அதிகம் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடித் தரப்படும். மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார். இடையில் நான்கு சுற்று பந்தயம். எதிராளி வைத்ததற்குச் சமமாக வைத்தால் கால், கூட்டினால் ரெய்ஸ், சீட்டைக் கீழே வைத்து விலகினால் ஃபோல்டு. ரம்மியிலிருந்து முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கையில் ஒன்றுமே இல்லாமல், பெரிய தொகை வைத்து மற்றவர்களை மிரட்டி விலக வைத்தும் இதில் ஜெயிக்கலாம். இதற்குப் பெயர் பிளஃப்.

எதிரே உட்கார்ந்திருப்பது யார்?

கம்ப்யூட்டர் எதிராளிகள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. எளிய புரோகிராம்களில் உள்ளவை விதிப்படி ஆடுபவை. இந்தச் சீட்டு வந்தால் ரெய்ஸ், இந்தச் சீட்டு வந்தால் ஃபோல்டு என்று ஒரு பட்டியல் இருக்கும். பத்துக்கு ஒரு தடவை பிளஃப் செய் என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அவ்வளவுதான்.

அடுத்த ரகம் கொஞ்சம் யோசிக்கும். தெரியாத சீட்டுகளைத் தனக்குள்ளேயே பல நூறு முறை கலைத்துப் போட்டுப் பார்த்து, இந்தக் கை எத்தனை முறை ஜெயிக்கிறது என்று எண்ணி, அதன்படி ஆடும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே இதற்கென ஓர் ஆய்வுக் குழு வேலை செய்தது. லோக்கி, போக்கி என்பவை அவர்கள் எழுதிய புரோகிராம்கள். அந்த ஆய்வை வைத்து 2000களில் போக்கர் அகாடமி என்ற பயிற்சி புரோகிராமும் வெளிவந்தது.

மூன்றாவது ரகம், கோடிக்கணக்கான ஆட்டங்களைத் தன்னோடு தானே ஆடிக் கற்றுக் கொள்வது. ஒவ்வொரு கட்டத்திலும், வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும் என்று கணக்கு வைத்துத் திருத்திக் கொண்டே வரும். 2015ல் ஆல்பர்ட்டா குழு வெளியிட்ட செஃபியஸ் இந்த வகை. இருவர் மட்டும், வரம்பு வைத்த பந்தயத்தில் ஆடும் ஹோல்டெமை அது ஏறத்தாழ முழுமையாகவே தீர்த்துவிட்டது. இந்தப் பயிற்சிக்கு 4,800 புராசஸர் கோர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் ஓடின.

இலவச புரோகிராம்களில் நீங்கள் சந்திப்பது பெரும்பாலும் முதல் ரகம். அக்கா மகன் ஜெயித்ததும் அதைத்தான்.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா?

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால், இது நம் சீட்டைப் பார்த்து ஆடுகிறது என்று எல்லோருக்கும் தோன்றும். ஒழுங்காக எழுதிய புரோகிராமில் எதிராளிக்குத் தன் இரண்டு சீட்டும் மேஜைச் சீட்டும்தான் தெரியும்.

ஆனால் சீட்டுக் கலைப்பதில் தவறு நேரலாம். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளை எழுதினால் 8க்குப் பின் 67 இலக்கங்கள் வரும். 1999ல் ஓர் இணைய போக்கர் தளம், தன் நேர்மையைக் காட்டக் கலைக்கும் புரோகிராமை வெளிப்படையாக வெளியிட்டது. அதைப் படித்த வல்லுநர்கள் திடுக்கிட்டார்கள். கலைப்பு, நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி செகண்டுகளை வைத்து நடந்தது. ஒரு நாளில் இருப்பது 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்டுகள்தான். ஐந்து சீட்டுகள் தெரிந்ததும் மீதி எல்லாவற்றையும் சொல்லிவிட முடிந்தது. பிறகு அதைத் திருத்தினார்கள். எனவே சந்தேகம் தவறல்ல. பழகுவதற்கு, எழுதப்பட்ட வரிகளை யாரும் பார்க்கக் கூடிய ஓப்பன் சோர்ஸ் புரோகிராமாக எடுத்துக் கொள்வது நல்லது. போக்கர்டிஹெச் அப்படிப்பட்ட ஒன்று. இன்டர்நெட் இல்லாமலேயே ஒன்பது கம்ப்யூட்டர் எதிராளிகள் வரை வைத்து ஆடலாம்.

எதைக் கற்றுத் தரும்?

கணக்கு. இதில் கம்ப்யூட்டரைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. முதல் இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக வரலாம். இரண்டும் ஏஸாக அமைவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. வீட்டில் சீட்டுக் கலைத்து இதைப் பார்க்க நாள் கணக்கில் ஆகும். கம்ப்யூட்டரில் ஒரு மாலையில் பார்க்கலாம். அந்த இரண்டு ஏஸும் ஒரே எதிராளியுடன் கடைசி வரை போனால் 100க்கு 85 முறை ஜெயிக்கும். ஒன்பது பேரும் கடைசி வரை வந்தால் சுமார் 31 முறைதான். இதைப் படிப்பதை விட, ஏஸ்களோடு நாலைந்து முறை தோற்றுப் பார்த்தால் நன்றாகப் பதியும்.

இன்னொரு கணக்கு. மேஜையில் நான்கு சீட்டு திறந்தாயிற்று. உங்களிடம் ஒரே இனத்தில் நான்கு இருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஜெயிப்பு. தெரியாத 46 சீட்டுகளில் உங்களுக்கு உதவுவது 9. அதாவது 100க்கு ஏறத்தாழ 20. நடுவில் 100 ரூபாய் இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் 50 கொடுத்து 150ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். இது கட்டுபடியாக 100க்கு 25 வாய்ப்பாவது வேண்டும். உங்களிடம் 20தான் இருக்கிறது. விலகுங்கள். அவர் 20 மட்டும் வைத்தால் 15 வாய்ப்பே போதும். தொடருங்கள். இந்தக் கணக்கு விரலுக்கு வர நூறு தடவை பழக வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர்தான் சரி.

எங்கே ஏமாறுகிறோம்?

அக்கா மகனின் புரோகிராம் ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிந்து வைத்திருந்தது. மொத்தம் 600க்குக் கொஞ்சம் மேல். ஜெயித்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தோம். முக்கால்வாசியில் யாரும் சீட்டைக் காட்டவே இல்லை. இவன் பெரிதாக ரெய்ஸ் செய்திருக்கிறான், எதிராளிகள் விலகியிருக்கிறார்கள். பெரிய தொகையைக் கண்டால் விலகு என்று எழுதப்பட்ட வரியை அவன் தெரியாமலே கண்டுபிடித்திருக்கிறான். அவன் கற்றது போக்கர் அல்ல. அந்த புரோகிராமின் ஒரு பலவீனம்.

அன்று இரவு அக்கா, அவள் கணவர், நான், அவன் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து ஆடினோம். பந்தயம் புளியங்கொட்டை. அக்கா அரை மணி நேரம் முன்புதான் ஆட்டத்தைக் கற்றிருந்தாள். பையன் வழக்கப்படி பெரிதாக வைத்தான். அக்கா ஒவ்வொரு முறையும் சமமாக வைத்து, காட்டச் சொன்னாள். அவன் கையில் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடத்தில் அவன் கொட்டை காலி. "இவ்வளவு வெக்கிறானே, அப்படி என்னதான் வெச்சிருக்கான்னு பார்க்க ஆசையா இருந்துச்சு" என்றாள். ஆசைப்படும் எதிராளி அந்த புரோகிராமில் இல்லை.

"இது அதிர்ஷ்டம்" என்றான் அவன். நியாயமான பேச்சுதான். நாற்பது நிமிடத்தில் எதுவும் நிரூபணம் ஆகாது. "அப்படின்னா உன் இரண்டு வாரம் மட்டும் எப்படிடா நிரூபணம் ஆகும்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

எத்தனை ஆட்டம் ஆடினால் தெரியும்?

2007ல் ஆல்பர்ட்டா குழுவின் போலாரிஸ் புரோகிராம் ஃபில் லாக், அலி எஸ்லாமி என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதியது. அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஓர் உத்தி செய்தார்கள். இருவரும் தனித்தனி அறையில். ஓர் அறையில் கம்ப்யூட்டருக்கு வந்த சீட்டு, அடுத்த அறையில் மனிதருக்கு. அப்படியும் போட்டி இழுபறியாகப் போய், மனிதர்கள் நூலிழையில் ஜெயித்தார்கள்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிர்த்து 20 நாட்கள் ஆடியது. மொத்தம் 1,20,000 ஆட்டம். முடிவில் 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்ஸ் முன்னிலை. யார் உயர்ந்தவர் என்று உறுதியாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்டம் தேவைப்பட்டது. நாம் 600 ஆட்டத்தை வைத்துக் கொண்டு கல்லூரிக் கட்டணத்தை எடுக்கக் கிளம்புகிறோம்.

வேறு இரண்டு விஷயமும் உண்டு. பயிற்சி மேஜையில் ஜெயித்தது முழுவதும் நமக்கு. பணம் வைத்து ஆடும் இடத்தில் நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக் கொள்வார். சமமான நான்கு பேர் ஆடினால், கடைசியில் நான்கு பேருமே இளைத்திருப்பார்கள். அடுத்தது சட்டம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு அதில் பார்க்கப்படுவதில்லை.

என் யோசனை

கம்ப்யூட்டரில் போக்கர் பழக விரும்புகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். முதலில், ஆட்டங்களைப் பதிந்து வைக்கும் புரோகிராமாகத் தேர்ந்தெடுங்கள். ஜெயித்த ஆட்டங்களையும் திறந்து பாருங்கள். தவறுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பந்தயம் வைக்கும் முன் வாய்ப்பு எவ்வளவு என்று மனதில் ஓர் எண் சொல்லிவிட்டு, பிறகு சரிபாருங்கள். ஒரே புரோகிராமில் தொடர்ந்து ஜெயித்தால், அதன் பலவீனம் உங்களுக்குப் பழகிவிட்டது என்று பொருள். வேறு ஒன்றுக்கு மாறுங்கள். மாதம் ஒரு முறையாவது மனிதர்களோடு, புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். பயிற்சி புரோகிராம் எதுவானாலும் அதில் வங்கிக் கணக்கு, கார்டு எண் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

கட்டணம் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டப்பட்டுவிட்டது. பையன் இன்னும் ஆடுகிறான். இப்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. லேப்டாப் சும்மா கிடக்கும் நேரத்தில் அக்காவும் ஆடுகிறாள். கம்ப்யூட்டர் எதிராளிகள் எல்லோரும் சீக்கிரம் பயந்து விலகிவிடுகிறார்கள், சுவாரசியமே இல்லை என்பது அவள் புகார்.