மண்ணின் குறையும் அரைப்பேரும்

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர், ஆயினும் பீ.எச். பெறுமானம் 4.5க்கு வெகுவாகக் கீழிறங்கினால் அதற்கும் கேடே. ஆண்டுதோறும் இடப்படும் யூரியாவும் அமோனிய உரமுமே மண்ணை மேலும் புளிக்கச் செய்கின்றன. கவ்வாத்துக் காலத்தில் எவ்வளவு டொலமைட் இடவேண்டுமென்பதை மண் பரிசோதனையே சொல்லும். தேயிலை ஆராய்ச்சி நிலையமோ தலவாக்கலையிலேயே இருக்கிறது. நுவரெலியா, அட்டன் துரைமார் தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது!

2021 உரத்தடையின் பின், 2022 இல் நாட்டின் தேயிலை விளைச்சல் சரிந்ததைக் கண்டோம். மண் மெலிந்தால் கொழுந்து குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். குறை மண்ணிலிருக்க, தண்டனை கூடை சுமப்பவளுக்கா? ஒவ்வொரு மலையின் பரிசோதனை முடிவையும் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். அதைப் பாராது நாள் நிறையை நிர்ணயிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் தொழிற்சங்கங்கள் கையொப்பமிடலாகாது என்று கோருகிறோம்.