எங்கள் விபரங்களும் அமானிதமே

"போட்டோவை எங்கேயும் போடாதே, நம்பரை யாருக்கும் கொடுக்காதே." உம்மா தினமும் சொல்லும் புத்தி இது. சரியான புத்திதான். ஆனால் அண்மையில் சித்தாண்டியில் ஒரு கொமினிகேசனில் இருந்து, ஒரு பாடநெறிக்கு இணையவழியில் விண்ணப்பித்தேன். அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம், வீட்டு முகவரி, வாப்பாவின் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்தோம். அவற்றை யார், எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று உம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிக் கொடுக்கும் விபரங்கள் ஒரு தரவுத்தளத்தில் சேர்கின்றன. தரவுத்தளங்களை இணையவழியில் நிர்வகிக்க உலகெங்கும் பலர் பயன்படுத்தும் மென்பொருள் பீஎச்பீமைஅட்மின். 1998 இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருளில் 2019 ஜனவரியில் ஒரு பாரதூரமான ஓட்டை அறிவிக்கப்பட்டது.

மைஎஸ்கியூஎல் சேவையகத்துக்கு ஒரு வசதி உண்டு. தரவுகளை ஏற்றும்போது, தன்னுடன் இணைந்துள்ள மென்பொருளிடம் "உன்னிடமுள்ள இந்தக் கோப்பை அனுப்பு" என்று அது கேட்கலாம். கேட்பவர் நல்லவர் என்ற நம்பிக்கையில் அமைந்த வசதி இது. எந்தச் சேவையகத்துடனும் இணையலாம் என்று பீஎச்பீமைஅட்மின் திறந்துவிடப்பட்டிருந்தால், திருடன் தன் போலிச் சேவையகத்தின் முகவரியை உள்நுழைவுப் பக்கத்தில் கொடுப்பான். மென்பொருள் போய் இணையும். போலிச் சேவையகம் கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கும். சீனி வாங்கப் போன பிள்ளையிடம் "வீட்டு அலுமாரிச் சாவியைக் கொண்டு வா" என்று கடைக்காரர் சொல்ல, பிள்ளையும் கொண்டுபோய்க் கொடுப்பது போன்றது இது. அந்தக் கோப்புகளுள் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் இருக்கலாம்.

அதே மாதம் வந்த 4.8.5 பதிப்பில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அட்மினர் என்ற இதே வகை மென்பொருளிலும் இப்படியொரு ஓட்டை இருந்து, 2018 இல் 4.6.3 பதிப்பில் திருத்தப்பட்டது. இரண்டு திருத்தங்களும் இலவசம். எனவே என் கேள்வி மென்பொருளை எழுதியவர்களிடம் அல்ல. திருத்தம் வந்த பின்னும் அதைப் போடாமல் இருப்பவர்களிடம்.

இது எங்கோ நடக்கும் கதையல்ல. 2023 இல் எங்கள் நாட்டின் அரச மின்னஞ்சல் சேவை இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அங்கும் பழைய மென்பொருள் பதிப்பே பாவனையில் இருந்தது.

"சிறிய நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் ஆள் இல்லை" என்பார்கள். காக்க ஆள் இல்லையென்றால் கேட்காமல் இருக்கட்டும். ஒரு வகுப்பில் சேர்வதற்கு அடையாள அட்டைப் பிரதி எதற்கு? ஒருவர் நம்பிக் கொடுத்த பொருள் அமானிதம். அதைப் பேணுவது கடமை என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவுகளைச் சேகரிப்பவருக்கே அப்பொறுப்பைத் தருகிறது.

கணினி படிக்கும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை: கதவு திறந்திருந்தாலும் அனுமதியின்றி உள்ளே போவது பிழை. ஓட்டையைக் கண்டால் உரியவருக்குச் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்காதீர்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் கைபேசியைக் கவனிப்பது போல, படிவம் நீட்டுபவரையும் கேளுங்கள்: இந்த விபரம் எதற்கு? யார் பார்ப்பார்கள்? எப்போது அழிப்பீர்கள்? அடுத்த படிவத்தில் கையொப்பமிடும் முன் இவற்றைக் கேட்பதாக உம்மா எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்.