புது ப்ரீஆம்பும் என் இடது காதும்

கொஞ்ச நாளாக ஸ்டீரியோவில் இடப்பக்கம் மந்தமாகக் கேட்டது. ப்ரீஆம்ப், 1980களில் மச்சான் பாரீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. நாற்பது வருஷம் உழைத்தது போதும் என்று தோன்றிவிட்டது. நண்பர் ஒருவர் தன் வால்வு ப்ரீஆம்பைக் கொடுத்து, ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விலை, என் மூன்று மாத பென்ஷன்.

முதல் ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். இரண்டிலும் வால்யூம் குமிழை நடுவில் வைத்துக் கேட்டேன். புதியதில் மிருதங்கம் எதிரே உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. மனைவியிடம் பணப் பேச்சை எடுத்தேன். "காதால கேட்டீங்களா, ஆசையால கேட்டீங்களா?" என்றாள்.

அவள் கேட்டதுதான் சரி. இந்த ஒப்பீட்டை நம்மில் பலர் தப்பாகத்தான் செய்கிறோம். சி.டி.யா ரேடியோவா என்று தேர்ந்தெடுத்து, ஒலியைக் கூட்டிக் குறைத்து பவர் ஆம்புக்கு அனுப்புவதுதான் ப்ரீஆம்பின் வேலை. சி.டி. பிளேயரே 2 வோல்ட் வரை தருகிறது; பெரும்பாலும் அதுவே போதும். ஆகவே பழுதில்லாத இரண்டு ப்ரீஆம்புகளுக்குள் வித்தியாசம் சொற்பம். ஆனால் ஒன்றில் துளி சத்தம் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும்.

மறுநாள் சோதனை சி.டி.யில் ஒரே சுருதி ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தேன். குமிழ் நடுவில் இருக்க, பழையது 1 வோல்ட், புதியது 1.3. இரண்டு டெசிபலுக்கு மேல்! எதிரே வந்து உட்கார்ந்த மிருதங்கம் இதுதான். புதியதைக் குறைத்து இரண்டையும் நூற்றுக்கு ஒன்றுக்குள் சமமாக்கி, குமிழ் நின்ற இடத்தில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் திக்தே தாளைத் திருத்துமுன் பெயர் எழுதிய மூலையை மடித்துவிடுவார், யார் தாள் என்று தெரியக்கூடாதென்று. அதையே செய்தேன். நான் கண்ணை மூடிக்கொள்ள, பேரன் காசைச் சுண்டிப் பார்த்து, பவர் ஆம்பை அணைத்து (அணைக்காமல் ஒயரைப் பிடுங்கினால் ஸ்பீக்கருக்கு ஆபத்து), பேசாமல் மாற்றினான். 12 முறையில் 7 சரி. காசே 6 சொல்லும் தாத்தா என்றான்.

எல்லா ப்ரீஆம்பும் ஒன்று என்று சொல்லவில்லை. இரைச்சல், ஹம், மட்டமான இசைத்தட்டுப் பகுதி இருந்தால் மாற்றத்தான் வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது நம்ம ஊர் கடல்காற்று. துப்புரவு ஸ்பிரே போதும்.

ஆனால் மந்தம் மட்டும் இரண்டிலுமே இருந்தது. இடது வலது ஒயர்களை மாற்றினேன், அப்போதும் இடப்பக்கமே. கடைசியில் நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அப்போதும் இடப்பக்கம்தான். கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காது டாக்டர், ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் தள்ளிப்போடக் கூடாது என்று கோபித்துக்கொண்டார். வால்வு ப்ரீஆம்ப் நண்பர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பழையதில் பாலன்ஸ் குமிழை இடப்பக்கம் ஒரு கோடு தள்ளி வைத்திருக்கிறேன். பேரன் வந்தால் அதை நடுவில் வைத்துவிட்டுப் போகிறான்.