வானத்திலிருந்து பார்த்தால் உங்கள் வயல் நெல்லா, தரிசா?

நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் விவசாயிகளில் பலர் ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்க மாட்டீர்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரீப் பருவம் முதல், நெல், கோதுமை மகசூலைக் கணக்கிடும்போது குறைந்தது 30 சதவீத எடை தொழில்நுட்ப வழி மதிப்பீட்டுக்குத் தரப்பட வேண்டும் என்று வழிகாட்டுதல் வந்துவிட்டது. மீதிதான் நமக்குப் பழக்கமான பயிர் அறுவடைப் பரிசோதனை. தொழில்நுட்பம் என்பது இங்கே பெரும்பாலும் செயற்கைக்கோள் படமும், அதைப் படிக்கும் கணினியும்தான். எனவே அந்தக் கணினி உங்கள் வயலை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது இனி உங்கள் வேலையும்கூட.

சம்பா, தாளடி வயலில் நிற்கும் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகம் வானத்தை மூடிவிடும். சாதாரண கேமரா செயற்கைக்கோளுக்கு அப்போது கண் தெரியாது. அதனால் நெல்லுக்கு ரேடார் படத்தையே நம்புகிறோம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 இலவசமாகத் தரும் படங்கள் இந்த வகை. ஒரு செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் திரும்பி வரும். அது அனுப்பும் அலை மேகத்தைக் கடந்து வயலில் பட்டுத் திரும்புகிறது. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். படத்தில் கறுப்பாகத் தெரியும். நாற்று வேர் பிடித்துத் தூர் கட்ட ஆரம்பித்ததும் வெளுக்கத் தொடங்கும். முதலில் கறுத்து, பிறகு படிப்படியாக வெளுத்தால் அது நெல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்து இந்த முறையில் நெல் பரப்பை வரைந்திருக்கிறது. 2016-17 வறட்சியில் சம்பா விதைப்பு பொய்த்துப்போன கிராமங்களை அடையாளம் காண இது கைகொடுத்தது. ஆகவே தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

சிக்கல் புழுதி விதைப்பில் இருக்கிறது. ராமநாதபுரத்திலும் கடைமடையிலும் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறீர்கள். சேறு இல்லை, தேங்கிய தண்ணீர் இல்லை. கணினி தேடும் அந்தக் கறுப்பு வருவதே இல்லை. நடவு வயல்களை மட்டும் காட்டிப் பழக்கிய கணினி, இதை நெல் என்று ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அல்லது நவம்பர் மழையில் வயல் நிரம்பும்போது, அதையே நடவு என்று நினைத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் பயிருக்கு 45 நாள் ஆகியிருக்கும். கணினியின் கணக்கில் அது நேற்று நட்ட பயிர். வயதைத் தவறாக வைத்துப் போடும் மகசூல் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

‘ஒரு வயலில் தப்பினால் என்ன, கிராமச் சராசரியைத்தானே எடுக்கிறார்கள்’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கொன்றும் அங்கொன்றுமாக நேரும் தவறுகள் கூட்டிக் கழித்துச் சரியாகிவிடும். ஆனால் ஊரே புழுதியில் விதைத்திருந்தால் எல்லாத் தவறும் ஒரே பக்கம் சாயும். சராசரி அதைச் சரிசெய்யாது. விதைத்த பரப்பைவிடக் காப்பீடு செய்த பரப்பு அதிகம் என்று முடிவானால் இழப்பீட்டைக் குறைக்கவும் திட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படிக் குறைந்தால், ஒழுங்காக விதைத்தவருக்கும் சேர்த்துத்தான் குறையும்.

அடுத்தது வயலின் அளவு. சென்டினல் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு 40 கட்டம் வரும். 20 சென்ட் வயலுக்கு எட்டே கட்டம். அதிலும் பாதிக்கு மேல் வரப்பையும் பக்கத்து வயலையும் தொட்டுக்கொண்டிருக்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர்தான். அதுவும் பல துண்டுகளாகக் கிடக்கும்.

பயிர் இல்லாத நிலத்துக்கும் இதே கதைதான். ஐரோப்பிய விண்வெளி முகமை 10 மீட்டர் அளவில் வெளியிட்ட உலக நிலப்பரப்பு வரைபடத்தில் மொத்தம் 11 வகைகள். அதில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் காடும் எல்லாம் ‘மரப்பரப்பு’ என்ற ஒரே நிறம். 2021ஆம் ஆண்டுக்கான அந்த வரைபடத்தின் ஒட்டுமொத்தத் துல்லியம் சுமார் 77 சதவீதம். அது உலகச் சராசரி, உங்கள் ஊருக்கு உத்தரவாதம் இல்லை. சீமைக் கருவேலம் மண்டிய ஒரு கண்மாய், வரைபடத்தில் பச்சைப் பசேலென்று மரக்காடாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கரையில் நின்று சிரிக்கலாம். ஆனால் ஆடு மாடு மேயும் புறம்போக்கு இதேபோல் ‘வெற்று நிலம்’ என்று நிறம் பெற்று, அதைப் பார்த்து யாராவது திட்டம் போட்டால் சிரிக்க முடியாது.

கணினி தானாக எதையும் கற்பதில்லை. யாரோ ஒருவர் வயலில் நின்று, இந்த இடத்தில் இன்ன பயிர் என்று கைபேசியில் பதிந்து அனுப்பும் மாதிரிகளில் இருந்துதான் கற்கிறது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு இறக்கியபோது எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். யார் எடுப்பது என்று நிறையப் பேசினோம். எந்த வயலில் எடுப்பது என்று யாரும் பேசவில்லை. விரிவாக்கப் பணியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: வண்டி போகும் சாலையோர வயல்களில் மட்டும் மாதிரி எடுக்காதீர்கள். உள்ளே நடந்து, வயலின் நடுவில் நின்று பதியுங்கள். தரிசு, கருவேலம், மேய்ச்சல் நிலம், ஊடுபயிர் போட்ட தோப்பு ஆகியவற்றுக்கும் மாதிரி வேண்டும். நெல் என்றால் நடவா, புழுதி விதைப்பா, எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளில் நீள அலை ரேடாரும் இருப்பதால், இலைப்போர்வைக்குக் கீழேயும் ஓரளவு தெரியும். புழுதி விதைப்பு சிக்கலை அதுவும் தானாகத் தீர்க்காது. அதற்கும் மாதிரி வேண்டும்.

விவசாயிகள் இந்த சம்பாவிலேயே தொடங்கலாம். காப்பீட்டுக்கு விஏஓவிடம் சாகுபடிச் சான்று வாங்கும்போதும், அடங்கலில் பதியும்போதும், நேரடி விதைப்பு என்பதையும் விதைத்த தேதியையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். விதைத்த அன்றும், முளைத்த பிறகும், வெள்ளம் நின்றால் அன்றும், இருப்பிடமும் தேதியும் பதிவாகும்படி வயலுக்குள் நின்று படம் எடுத்து வையுங்கள். ஊரில் பெரும்பாலோர் புழுதியில் விதைத்திருந்தால், அதைக் கிராமசபையில் தீர்மானமாக எழுதி வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு அனுப்புங்கள். இழப்பீட்டுப் பட்டியல் வந்த பிறகு அல்ல, பயிர் வயலில் நிற்கும்போதே.